மாடு செத்த வீடு

1

செவ்வாய்க்கிழமை காலை மிஸ்டர் டாசன் ஒரு துணிப்பையோடு வந்து கவுண்டரில் நின்றார். பைக்குள் திறக்காத நாய்ச் சாப்பாட்டு ரின்கள், ஒரு கம்பளிப் போர்வை, பாதி முடிந்த மாத்திரைப் பெட்டி. "டெய்சிக்கு இனித் தேவையில்லை. வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றார். டெய்சி அவருடைய கிழட்டு நாய். முந்திய வாரம் செத்துப்போனது.

பையை வாங்கி வைத்தேன். அவர் போகவில்லை. எண்பதைத் தாண்டிய மனிதர். மனைவி போனபிறகு அந்த நாயோடு மட்டும் வாழ்ந்தவர்.

"அன்றைக்குக் காலையிலேயே அவளுக்கு வயிறு ஊதத் தொடங்கிவிட்டது. உங்களுக்குப் போன் பண்ணினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திருப்பி எடுப்பீர்கள் என்று பகல் முழுக்கப் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் நான் உங்களுக்குப் போன் பண்ணவே இல்லைப் போலிருக்கிறது. என் மகன் அப்படித்தான் சொல்கிறான். எனக்கு இப்போது எல்லாம் குழம்புகிறதாம். இனித் தனியாக இருக்கக்கூடாது, முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கிறேன் என்கிறான்."

அவர் போன் எடுத்திருந்தார். மறுபக்கத்தில் கதைத்தது நான்.

எனக்குப் பின்னால் மனேஜர் ஹெலன் நின்றாள். நான் "சொறி, மிஸ்டர் டாசன்" என்றேன். இந்த நாட்டில் பஸ்ஸில் தோள் இடித்தாலும் சொறி, நாய் செத்தாலும் சொறி. அந்த மனிதர் தன் மூளையையே சந்தேகப்பட்டுக்கொண்டு வெளியே போனார். நான் ரின்களை அலுமாரியில் அடுக்கினேன். சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது.

2

ஊரிலிருக்கும் உங்களுக்கு முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் மிருக வைத்தியசாலையில் வேலை என்று எழுதியதை வைத்து என்னை டொக்டராக்கிவிட்ட சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் கூடு கழுவுகிறவள். ஊசி போடும்போது பூனையைப் பிடிக்கிறவள். முன்னால் ஆளில்லாவிட்டால் போன் எடுக்கிறவள். பராசக்தி என்ற பெயர் இவர்களுடைய வாய்க்குள் அடங்கவில்லை. வந்த அன்றே 'பாரா' என்று வெட்டிவிட்டார்கள். அறுபது வயதுக் கிழவி, குழந்தைப்பிள்ளை மாதிரி பாரா, பாரா என்று கூப்பிட ஓடிக்கொண்டிருக்கிறேன்.

டெய்சி செத்த அன்று காலை மிஸ்டர் டாசன் போனில் சொன்னதைக் கேட்டவுடன் உள்ளே போய் நேர்ஸ் எம்மாவிடம் சொன்னேன். அவள் அறுவைச் சிகிச்சை மேசையில் ஒரு பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். நான் கூடுகளுக்குத் திரும்பிவிட்டேன். மத்தியானம் சோறு சாப்பிடும்போது, அந்தக் கிழவருக்கு யாராவது போன் எடுத்தார்களா என்று ஒரு எண்ணம் வந்தது. போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் எம்மா படித்த நேர்ஸ். இரண்டாம் தரமும் போய் நின்றால், எனக்கு வேலை படிப்பிக்க வந்துவிட்டாய் என்று முகத்தைச் சுழிப்பாளோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். பொழுதுபட மிஸ்டர் டாசன் டாக்சியில் வந்து இறங்கினார். மடியில் டெய்சி. இங்கே கொண்டுவரும்போதே உயிரில்லை.

மறுநாள் கூட்டம் வைத்தார்கள். ஹெலன் கேக் வாங்கி வந்தாள். "இங்கே யாரையும் குற்றம் சொல்லப்போவதில்லை. பிழை ஆட்களில் இல்லை, வேலை செய்யும் முறையில் இருக்கிறது" என்றாள். எம்மா அழுதாள். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். என்னையும் கட்டிப்பிடித்தார்கள். வருகிற போன்களை எழுத ஒரு வெள்ளைப் பலகை மாட்டுவதென்று முடிவாயிற்று. குறை சொல்லவில்லை, நல்ல முறைதான். இங்கே வந்த புதிதில் நான் வேலை செய்த சமையற்கட்டில் முதலாளி, கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கி எறிவான். அதோடு பார்த்தால் இது சொர்க்கம்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் மிஸ்டர் டாசன் இல்லையே. "அவருக்கு யார் சொல்வது?" என்று கேட்டேன். காப்புறுதிக்காரருடைய வக்கீல் பார்க்கவேண்டும், பிறகு முறைப்படி கடிதம் போகும், அதுவரைக்கும் யாரும் அவரோடு இதைக் கதைக்கக்கூடாது என்றாள் ஹெலன். அதற்குப் பதிலாக நாய்க்கால் படம் போட்ட ஒரு அனுதாப அட்டை. 'நாங்கள் எல்லோரும் வருந்துகிறோம்.' எல்லோரும் கையெழுத்து வைத்தோம். நான் பாரா என்று எழுதினேன். பிறகு கேக் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் இப்போதும் தொண்டைக்குள் நிற்கிறது.

3

எனக்கு இந்த வேலை புதிதல்ல. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு மாட்டாஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் பார்த்தவள் நான். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது போன் எடுத்து, அது எங்கடை பெரியப்பா வீட்டு மாடெல்லோ என்பார்கள்.

கரண்ட் போய், மண்ணெண்ணெய்க்கும் தடை வந்து, பற்றரிக்கும் பஞ்சுக்கும் ஆலாய்ப் பறந்த யுத்த காலம். எங்களுக்கு வந்த டொக்டர் வதனி நீர்வேலிப் பெட்டை, என்னைவிடச் சின்னவள். எனக்கு அவளைப் பிடிக்காது. நேற்றுப் படிப்பு முடித்து வந்தவள் எங்களுக்குச் சட்டம் சொல்கிறாளா என்ற எரிச்சல். வெளியே போய் மாடு பார்க்கிறவர் தருமலிங்கம், எங்களுக்குத் தருமண்ணை. ஊரில் பாதி மாடுகளுக்கு அவரைப் பெயர் சொல்லித் தெரியும்.

ஒரு நாள் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. கன்று போட்ட மறுநாள் மாடு படுத்துவிட்டது, எழும்பவில்லை. நிறையப் பால் கறக்கிற கலப்பு மாடுகளுக்கு வருகிற வருத்தம். கழுத்து நரம்பில் கல்சியம் ஏற்றினால் எழும்பி நடக்கும். ஆனால் மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். போத்தலைக் கையில் தாழ்த்திப் பிடித்து, நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக் கேட்டு இறக்கவேண்டும். உயர்த்தினால் மருந்து கடகடவென்று இறங்கி இதயத்தை நிறுத்திவிடும். எங்களிடம் ஒரேயொரு போத்தல் மிச்சம். அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது நான்.

"அண்ணை, இது ஒண்டுதான் கிடக்கு. இதுக்குப் பிறகு கடவுள்தான். ஒரு சொட்டும் வீணாக்கிப் போடாதையுங்கோ."

"ஓம் பிள்ளை, எனக்குத் தெரியாதே" என்று சைக்கிளில் ஏறினார்.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை. மாடு செத்துவிட்டது. "பொம்மர் பதிஞ்சு வந்து குண்டு போட்டது. நாங்கள் எல்லாரும் பங்கருக்கை பாஞ்சிட்டம். மாடு வெருண்டு செத்துப்போச்சு" என்றார்.

டொக்டர் கேட்டாள். "போத்தில் எங்கை இருந்தது அண்ணை?"

"கொட்டில் வளைமரத்திலை உயரக் கொழுவிவிட்டனான்."

"ஊசியைப் பிடுங்கேல்லையோ?"

"பிடுங்கினா மிச்ச மருந்து பழுதாப் போடுமே. ஒரு போத்தில்தானே இருந்தது."

"திரும்பி வந்து பாக்கேக்கை போத்திலிலை எவ்வளவு கிடந்தது?"

தருமண்ணை நிலத்தைப் பார்த்தார். "ஒண்டும் இல்லை."

மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. நான்தான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். "விடுங்கோ டொக்டர். மாடு செத்தது செத்ததுதான். பொம்மர் எண்டே இருக்கட்டும், ஆருக்கு என்ன நட்டம்?" சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

4

சில நாள் கழித்துச் கூப்பன் சாமானுக்குச் சங்கக்கடைக் கியூவில் நின்றபோது ஒரு கதை காதில் விழுந்தது. மாடு செத்த வீட்டுக்கு அப்போதுதான் ஒரு மருமகள் வந்திருந்தாள். வந்த காலடி சரியில்லை, சீதேவி மாதிரி நின்ற மாட்டை விழுங்கிவிட்டாள் என்று மாமியார் வீதியால் போகிற ஆட்களைக்கூட நிறுத்திச் சொல்கிறாவாம். புருசன்காரனும் முகம் கொடுத்துக் கதைக்கிறானில்லையாம். தாய் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம்.

மறுநாள் தேத்தண்ணி குடிக்கும்போது இதை நான் ஒரு பகிடியாகத்தான் சொன்னேன். டொக்டர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எப்ப கேள்விப்பட்டனீங்கள்?"

"நேற்று."

"நேற்றுக் கேட்டுப்போட்டு இண்டைக்குச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறியளே, அக்கா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன், நானே மாட்டைக் கொண்டனான்?"

"நாங்கள் சொல்லாமல் விட்டா, அந்தச் சனம் ஆரோ ஒராளைப் பிடிக்கத்தான் செய்யும். பிடிச்சிட்டினம்" என்றாள். பிறகு தருமண்ணையைப் பார்த்து, "பொம்மர் எங்களுக்கு எவ்வளவோ செய்திருக்கு. இதையும் அதின்ரை தலையிலை போட்டா, நாங்கள் செய்தது எண்டு ஒண்டுமே மிஞ்சாது" என்றாள்.

"பிள்ளை, நான் நரைச்ச மனிசன். உவையிட்டைப் போய்த் தலை குனிஞ்சா, நாளைக்கு ஆர் என்னை மாட்டிலை கை வைக்க விடுவினம்?"

"நீங்கள் வரவேண்டாம் அண்ணை. நான் போய்ச் சொல்லுறன். அக்கா, நீங்கள் வாங்கோ."

இரண்டு பேரும் சைக்கிளில் வெளிக்கிட்டோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் தருமண்ணையும் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

படலையடியில் எங்களைக் கண்டதும் மாமியார், "வாங்கோ டொக்டர், இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்றா. டொக்டர் இருக்கவில்லை. "தேத்தண்ணி வேண்டாம் அம்மா. நாங்கள் செத்த வீட்டுக்கு வந்திருக்கிறம்." அந்த மனுசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாட்டுக்கும் செத்த வீடோ?" என்றா.

டொக்டர் தன் பெயரைச் சொல்லித் தொடங்கினாள். அவள் இரண்டாவது வசனத்துக்கு வருமுன் தருமண்ணை குறுக்கே வந்தார்.

"பொறுங்கோ பிள்ளை, நான் சொல்லுறன். அம்மா, என்ரை பேர் தருமலிங்கம். உங்கடை மாட்டுக்கு மருந்து ஏத்தினது நான். கையிலை பிடிச்சு மெல்ல இறக்கவேண்டிய மருந்து. அதை வளையிலை கொழுவிப்போட்டு ஓடினனான். அது கெதியா இறங்கி மாட்டின்ரை நெஞ்சு நிண்டுபோச்சு. மாட்டைக் கொண்டது பொம்மரும் இல்லை, ஆற்றையும் காலடியும் இல்லை. நான்தான்."

அதற்குப் பிறகு அந்த மனுசி திட்டிய திட்டு! மண்ணை அள்ளித் தூற்றி, நாசமறுவான், உன்ரை குடும்பம் விளங்குமோ என்று ஒப்பாரியே வைத்துவிட்டா. தருமண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்று எல்லாவற்றையும் வாங்கினார். மகன்காரன் கொட்டில் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மருமகள் பெட்டை மெல்ல வெளியே வந்தாள். மாமியாரைக் கடந்து, முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள். வெளியில் வந்து நிற்பதற்கு அவளுக்கு அன்றைக்குத்தான் இடம் கிடைத்தது.

வெளிக்கிடும்போது நான் பழக்கதோசத்தில் "அப்ப போயிட்டு வாறம்" என்று வாயெடுத்தேன். டொக்டர் என் கையைப் பிடித்து நெரித்தாள். "செத்த வீட்டிலை ஆரும் அப்பிடிச் சொல்லுறேல்லை, அக்கா."

திரும்பும் வழியில் தருமண்ணை எனக்குப் பக்கத்தில்தான் சைக்கிள் ஓடினார். 'ஒரு சொட்டும் வீணாக்காதையுங்கோ' என்று நான் சொன்னதால்தான் அவர் ஊசியைப் பிடுங்காமல் போத்தலைக் கொழுவினார். அந்த முற்றத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. வழியிலும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

5

அதிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் அது ஒரு நடைமுறையாகிவிட்டது. நாங்கள் பார்த்த மாடோ ஆடோ செத்தால் அந்த வீட்டுக்குப் போவோம். பார்த்தவர் தன் பெயரைச் சொல்லி, தான் செய்ததைத் தானே சொல்லவேண்டும். 'நாங்கள்' என்று சொல்லக்கூடாது. தேத்தண்ணி தந்தாலும் குடிக்கக்கூடாது. குடித்தால் கதை மழுப்பலாய்ப் போய்விடும் என்பாள் டொக்டர். ஊரார் பகிடி பண்ணினார்கள். மாட்டாஸ்பத்திரிக்காரர் சைக்கிளில் வரிசையாய் வந்தால் படலையைப் பூட்டு என்பார்கள். ஆனால் தருமண்ணை பயந்தது நடக்கவில்லை. அந்த ஒரு வீட்டைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் அவரையே தேடி வந்தார்கள்.

எங்களுக்குள்ளும் ஏதோ மாறிற்று. செத்த வீட்டுக்குப் போகிற வெட்கத்துக்குப் பயந்தே ஒருவரையொருவர் கேட்டுச் சரிபார்க்கத் தொடங்கினோம். நான் மருந்தின் பெயரை உரக்கச் சொல்லித்தான் கொடுப்பேன். வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் கையை விடுவேன். டொக்டருக்கும் அதே சட்டம்தான். அந்தப் பழக்கத்தை ஏன் நான் கடல் கடக்கும்போது விட்டுவிட்டு வந்தேன்? எம்மாவைத் திருப்பிச் சொல்லவைத்திருந்தால் டெய்சி பிழைத்திருக்கக்கூடும்.

தொண்ணூற்றைந்தில் ஆமிக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அன்று, மழைக்குள், சாவகச்சேரி வீதியில் தருமண்ணையைக் கண்டேன். சைக்கிள் நிறையச் சாமானை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். என் பேச்சால்தான் போத்தலைக் கொழுவினீர்கள் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். எங்கே தண்ணீர் கிடைக்கும் என்றுதான் கதைத்தோம். இப்போது அவர் உயிரோடு இல்லை. டொக்டர் வன்னிப் பக்கம் போனாள் என்று கேள்வி. அதற்குப் பிறகு தொடர்பு இல்லை.

இங்கே அகதி விண்ணப்பம் எழுதும்போது வக்கீல் சொல்லித்தந்தார், உங்களுக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்று. சொன்னேன். எல்லாம் உண்மைதான். விசாரணை, முறையீடு, மறுபடி விசாரணை என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, எங்களுக்கு எல்லாம் நடக்கும், நாங்கள் ஒன்றும் செய்யமாட்டோம் என்று எனக்கே ஊறிப்போய்விட்டது.

மகள் துளசியிடம் மிஸ்டர் டாசன் கதையைச் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அப்படித்தான் எங்கள் வீட்டில் ஓடுகிறது. "அம்மா, உங்கள் மனேஜர் செய்தது சரி. நீங்கள் போய் வாயைக் கொடுத்து வேலையை இழக்காதீர்கள். இது உங்கள் பிழை இல்லை" என்றாள்.

"அப்ப ஆற்றை பிழை?"

"யாருடையதும் இல்லை. அதுதான் விசயமே."

"ஆற்றையும் இல்லையெண்டா, அந்தக் கிழவன் ஏன் அதைச் சுமந்துகொண்டு திரியுது?"

துளசி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, தமிழில், "கவனம் அம்மா" என்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருடைய முகவரி கிளினிக் பதிவில் இருந்தது. கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டு, "உள்ளே வாருங்கள், தேநீர் போடுகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். வாசலிலேயே நின்றேன். என் ஆங்கிலம் நல்ல நாளிலேயே நொண்டும். வழியிலேயே வசனங்களை மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

"மிஸ்டர் டாசன், நீங்கள் போன் எடுத்தீர்கள். காலையில். டெய்சிக்கு வயிறு ஊதுகிறது என்று சொன்னீர்கள். மறுபக்கத்தில் பேசியது நான். உள்ளே சொன்னேன். பிறகு உங்களுக்கு யாராவது எடுத்தார்களா என்று பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும். போன செவ்வாய் நீங்கள் வந்து நின்றபோதும் இதைச் சொல்லவில்லை."

எம்மாவின் பெயரை நான் சொல்லவில்லை. சரியோ பிழையோ தெரியாது. தருமண்ணை என் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் அப்போது மனதில் இருந்தது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது. ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"நான் போன் எடுத்தேனா?"

"எடுத்தீர்கள்."

"உறுதியாகவா?"

"டெய்சி காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று சொன்னீர்கள். தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னீர்கள்."

அவர் உள்ளே போனார். எண்களை அமத்துகிற சத்தம் கேட்டது. நீளமான வயரை இழுத்துக்கொண்டு, போனோடு வாசலுக்கே திரும்பி வந்தார். "பீற்றர், நான் அன்றைக்குப் போன் எடுத்தேன்" என்றார். மறுபக்கத்தில் மகன் ஏதோ பொறுமையாகச் சொன்னான். சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரியான பொறுமை. கிழவர் முழுவதையும் கேட்கவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இவனிடம் சொல்லுங்கள்."

சொன்னேன். அப்பா அழைத்தார், நான்தான் எடுத்தேன், அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை, பிழை என்னுடையது என்றேன். மகனுடைய குரல் மாறியது.

"நீங்கள் யார் பேசுகிறீர்கள்?"

பாரா என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"பராசக்தி" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. எழுதிக்கொள்ளவேண்டும், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள் என்றான். எதற்காக எழுதுகிறான் என்று எனக்கு விளங்கியது. முறைப்பாட்டுக் கடிதம் திங்கட்கிழமையே ஹெலனின் மேசைக்குப் போகும். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மிஸ்டர் டாசன் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, மகனுக்கு விளங்காத இடங்களில் திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை.

போனை வாங்கிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கினேன்.